மழலையர் ஆசிரியர் பயிற்சி: சென்னையில் சேர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ப்ளே ஸ்கூல், ப்ரீ-கேஜி, எல்கேஜி, யூகேஜி, பால்வாடி, கிரெச் என்று ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளோடு வேலை பார்க்கும் இடங்கள் பல. அவற்றுக்கென்று சொல்லி நடத்தப்படும் பயிற்சிகள் அதைவிடப் பல. எது எதற்கு உதவும், பணம் கட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும், வகுப்பறைக்குள் போனதும் எங்கே சறுக்கும் என்பதை இங்கே பார்க்கலாம்.

ப்ளஸ் டூ முடித்திருக்கிறேன். எந்தப் பயிற்சியில் சேர்வது?

எங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே சான்றிதழ் எல்லா இடத்திலும் செல்லாது.

விதிப்படி பார்த்தால், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014 நவம்பர் 12 அன்று வெளியிட்ட தகுதி விதிகள்தான் அளவுகோல். மழலையர் வகுப்பு ஆசிரியருக்கு அது கேட்பது: ப்ளஸ் டூவில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண்ணும், இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத மழலையர் கல்விப் பட்டயமும். இல்லையென்றால் நர்சரி பிரிவில் பி.எட். கேந்திரிய வித்யாலயாக்களில் பால்வாடிகா என்ற மழலையர் வகுப்புக்கு ஒப்பந்த ஆசிரியர் எடுக்கும்போது இதைத்தான் பார்க்கிறார்கள். ஓராண்டு சான்றிதழோடு போனால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

தனியார் ப்ளே ஸ்கூல்களின் கதை வேறு. அங்கே என்டிடி எனப்படும் நர்சரி ஆசிரியர் பயிற்சி, மான்டிசோரி, ஏதாவது ஒரு பட்டம், ஓரளவு ஆங்கிலம் என்று பார்த்து, டெமோ வகுப்பு எடுக்கச் சொல்லி முடிவு செய்வார்கள். அங்கன்வாடிப் பணிக்கோ இந்தச் சான்றிதழ் எதுவுமே தேவையில்லை. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

என்டிடி, மான்டிசோரி, இரண்டாண்டுப் பட்டயம்: என்ன வித்தியாசம்?

இரண்டாண்டுப் பட்டயம் ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிகளுக்கு உட்பட்டது. ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள். பாட வகுப்புக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை இருக்க வேண்டும். குழந்தை வளர்ச்சி, உடல்நலமும் ஊட்டச்சத்தும், மொழி, கணக்கின் அடிப்படை, பெற்றோரோடு பழகுதல், மையத்தை நடத்துதல் என்று எல்லாம் இதில் வரும்.

என்டிடி என்பது ஒரே பாடத்திட்டத்தின் பெயர் அல்ல. ஆறு மாதமும் இருக்கும், ஓராண்டும் இருக்கும். நடத்தும் நிறுவனம் வகுத்ததுதான் பாடம். சில இடங்களில் மிக நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். சில இடங்களில் சார்ட் ஒட்டவும் பொம்மை வெட்டவும் மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வருவீர்கள்.

மான்டிசோரி என்பது ஒரு கற்பித்தல் முறை. அதற்கென்று தனிக் கருவிகள், தனி ஒழுங்கு. இந்த ஊருக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு. தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில், அந்த முறையை உருவாக்கிய மரியா மான்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் வகுப்பில் சுமார் 300 பேர் படித்தார்கள். போர் மூண்டதால் திரும்பிப் போக முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். நகரில் இன்றும் மான்டிசோரிப் பயிற்சி மையங்கள் பல இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் 'மான்டிசோரி' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம் என்பதும் உண்மை. 1929-இல் அவரே தொடங்கிய சர்வதேச மான்டிசோரிச் சங்கத்தின் பட்டயமா, இந்தியச் சங்கம் ஒன்றின் பட்டயமா, அந்த மையமே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழா என்று கேளுங்கள். முதலாவதற்கு எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் உண்டு. கருவியை எடுத்து வைத்து, எப்படி அறிமுகம் செய்வீர்கள் என்று செய்து காட்ட வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் நீங்களே எழுதி வரைந்த 'ஆல்பம்' தயாரிக்க வேண்டும். அதற்கு மட்டுமே இரவுகள் பல போகும்.

நல்ல மான்டிசோரிப் பட்டயம் மான்டிசோரிப் பள்ளிகளில் மிகவும் மதிக்கப்படும். ஆனால் அது அரசு விதி கேட்கும் இரண்டாண்டுப் பட்டயத்துக்கு ஈடாகாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முடியுமா?

முடியும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மழலையர் பராமரிப்பும் கல்வியும் என்ற பட்டயம் இருக்கிறது. ப்ளஸ் டூ போதும், 32 கிரெடிட், குறைந்தபட்சம் ஓராண்டு. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கு, ஆக மொத்தம் 960 மணி. வேலைக்குப் போகிறவர்கள் இதை ஓராண்டில் முடிப்பது கஷ்டம். பெரும்பாலானோர் சிக்கிக்கொள்வது செயல்திட்டப் பகுதியில்தான்: குழந்தைகளோடு நடத்திய செயல்பாடுகளை அவ்வப்போது எழுதி வைக்காமல், கடைசி மாதத்தில் ஞாபகத்திலிருந்து எழுதுவார்கள். திருத்துகிறவருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பாடம் நல்ல பாடம். வாசிக்க வேண்டிய பாடமும்கூட. ஆனால் இரண்டாண்டு ஆசிரியர் பட்டயத்துக்கு இது மாற்று அல்ல.

பட்டப்படிப்பாகப் போக விரும்பினால் மனையியல் படிக்கலாம். ராணி மேரிக் கல்லூரியிலும் மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் அந்தத் துறை உண்டு.

டி.எல்.எட் முடித்தவர்கள் எல்கேஜிக்குப் பாடம் எடுக்கலாமா?

தனியார் பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் டி.எல்.எட், அதாவது தொடக்கக் கல்விப் பட்டயம், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கானது. மறுபுறம், மழலையர் பட்டயத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளை எழுதி இடைநிலை ஆசிரியராகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு டி.எல்.எட் வேண்டும்.

'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நம்பலாமா?

எந்த அரசுத் துறை, எதற்குக் கொடுத்த அங்கீகாரம் என்று கேட்காமல் நம்பாதீர்கள். சிறு தொழில் பதிவு, அறக்கட்டளைப் பதிவு, ஐஎஸ்ஓ சான்று, ஜிஎஸ்டி எண் எல்லாம் அந்த நிறுவனம் இருக்கிறது என்பதற்குச் சான்று. அங்கே நடக்கும் பாடத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதற்கு அல்ல. சான்றிதழில் அசோகச் சின்னம் போலத் தெரியும் முத்திரை ஒன்று தங்க நிறத்தில் மின்னினால் இன்னும் கவனமாக இருங்கள்.

இரண்டாண்டுப் பட்டயம் என்றால் ஆசிரியர் கல்விக் குழுமத்தின் தென்மண்டலக் குழு கொடுத்த அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள். அதில் மூன்று விஷயம் பாருங்கள்: நிறுவனத்தின் பெயரும் முகவரியும் நீங்கள் நிற்கும் இடத்தின் முகவரிதானா; பாடத்தின் பெயர் மழலையர் கல்விப் பட்டயம்தானா, அல்லது அதே வளாகத்தில் நடக்கும் பி.எட்டுக்கான ஆணையைக் காட்டுகிறார்களா; எத்தனை இடங்களுக்கு அனுமதி. குழுமம் ஒரு பிரிவுக்கு வைத்திருக்கும் அளவு 50 பேர். பிறகு அந்த ஆணை எண்ணைக் குழுமத்தின் இணையதளப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நகல் கேட்டதும் "ஆபீஸ்ல இருக்கு, அட்மிஷன் போட்டதும் தர்றோம்" என்றால் எழுந்து வந்துவிடலாம்.

அங்கீகாரம் இல்லாத பயிற்சி என்றாலே ஏமாற்று என்று பொருள் இல்லை. தனியார் பள்ளியில்தான் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால் அது உதவவும் கூடும். இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சேரும் முன் வேறு என்ன கேட்க வேண்டும்?

ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: "பயிற்சிக் காலத்தில் நான் எத்தனை நாள் உண்மையான வகுப்பில் குழந்தைகளோடு இருப்பேன்? அப்போது என்னை யார் பார்த்துத் திருத்துவார்?" நாள் கணக்கில் தெளிவான பதில் வந்தால் நல்ல இடம். "இன்டர்ன்ஷிப் உண்டு" என்று மட்டும் சொன்னால், பல நேரம் அது ஒரு பள்ளியில் ஆயாவுக்குத் துணையாக டிபன் பாக்ஸ் திறந்து மூடும் வேலையாகவே முடியும். டிபன் பாக்ஸ் திறப்பதும் கற்க வேண்டியதுதான். ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து நீங்கள் எடுக்கும் வகுப்பைப் பார்க்க வேண்டும்.

கட்டணத்தில் பொருட்செலவு, தேர்வுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், சீருடை எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அசல் டிசியையும் மதிப்பெண் பட்டியலையும் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும்; பிணையாக வைத்துக்கொள்ள விடாதீர்கள்.

ஆறு மாத ஆன்லைன் பயிற்சி போதுமா?

போதாது. மூன்று வயதுக் குழந்தை அழும்போது எவ்வளவு அருகில் உட்கார வேண்டும் என்பதைத் திரையில் கற்க முடியாது. ஏற்கெனவே வகுப்பில் இருக்கும் ஆசிரியருக்குத் துணைப் படிப்பாக வேண்டுமானால் உதவும்.

பயிற்சியில் 'கவனிப்புப் பதிவு' எழுதச் சொல்கிறார்கள். எனக்கு எப்போதும் மதிப்பெண் குறைகிறது. ஏன்?

பார்த்ததை எழுதாமல் நினைத்ததை எழுதுவதால். இது மிகப் பரவலான தவறு. கற்பனையான இரண்டு பதிவுகளைப் பாருங்கள்.

முதல் பதிவு: "யாழினி இன்று ரொம்பப் பிடிவாதமாக இருந்தாள். யாரோடும் பகிர்ந்துகொள்ளவில்லை."

இரண்டாவது பதிவு: "காலை 9.40, கட்டை மூலை. யாழினி ஆறு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஏழாவதை வைத்ததும் சரிந்தது. பக்கத்தில் இருந்த பையன் ஒரு கட்டையை எடுத்து நீட்டினான். அவள் தலையாட்டி மறுத்து, கட்டைகளைத் தன் மடிக்கு அருகே இழுத்துக்கொண்டாள். மறுபடி அடுக்கினாள், இந்த முறை பெரிய கட்டையை அடியில் வைத்தாள். ஏழும் நின்றது. 9.47-க்கு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்."

முதல் பதிவில் ஒரு குழந்தைக்குப் பட்டப்பெயர் வைத்ததைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டாவதைப் படித்தால், அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை, ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருந்தாள் என்பது தெரிகிறது. ஏழு நிமிடம் ஒரே வேலையில் இருந்திருக்கிறாள். அடியில் கனமானது வேண்டும் என்று தானே கண்டுபிடித்திருக்கிறாள். நாளைக்கு அவளுக்கு என்ன கொடுக்கலாம் என்பதும் புரிகிறது: அளவு வேறுபட்ட பெட்டிகள், தேங்காய்ச் சிரட்டைகள்.

எழுதும் முறை எளிது. நேரம், இடம், செய்தது, சொன்னது அப்படியே. உங்கள் கருத்து கீழே தனிப் பத்தியில். 'நல்ல', 'சோம்பேறி', 'அடம்', 'சுட்டி' போன்ற சொற்கள் மேல் பத்தியில் வரக் கூடாது. குழந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்குங்கள். பதிவேடு பல கைகளுக்குப் போகும்.

எழுதக் கற்றுக்கொடுப்பதை எந்த வயதில் தொடங்குவது? பெற்றோர் ப்ரீ-கேஜியிலேயே கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி வராத பெற்றோர் கூட்டமே கிடையாது. விஜயதசமிக்கு அரிசியில் 'அ' எழுதிவிட்டு வந்த கையோடு நோட்டும் பென்சிலும் கேட்பார்கள்.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாக மாறத் தொடங்கும். மூன்று வயதில் பாதி அளவுக்குத்தான் தொடங்கியிருக்கும், கடைசி ஒன்று எட்டு வயதுக்கு மேல். விரல் தசைகளுக்கும் அப்போதுதான் பலம் வருகிறது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து வரி வரியாக எழுதச் சொன்னால், குழந்தை தோளையும் முழங்கையையும் இறுக்கி எழுதும். பென்சிலை முஷ்டியால் பிடிக்கும். அந்தப் பிடி பழகிவிட்டால் யூகேஜியில் மாற்றுவது பெரும்பாடு.

ப்ரீ-கேஜியில் கைக்கு வேலை கொடுங்கள்: மாவு பிசைதல், காகிதம் கிழித்தல், துணி கிளிப் மாட்டுதல், பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக் கிண்ணத்தில் பிழிதல், சாக்பீஸால் தரையில் பெரிய கோடு. எல்கேஜியில் மணலிலும் கரும்பலகையிலும் நேர்கோடு, சாய்கோடு, வளைவு, சுழி. கோலப் புள்ளிகளை இணைத்தல். வரி நோட்டு அதற்குப் பிறகு.

எழுத்தின் வரிசையையும் யோசியுங்கள். 'அ' பார்க்கச் சின்னதாக இருந்தாலும் சுழியும் வளைவும் கோடும் கொண்ட கடினமான வடிவம். 'ட', 'ப', 'ம' ஆகியவற்றுக்கு நேர்கோடும் எளிய வளைவும் போதும். 'ட', 'ப' வந்த அன்றைக்கே 'படம்' என்ற சொல்லை நோக்கிப் போகலாம். சொல்லித் தருவதில் அகர வரிசை இருக்கட்டும், எழுதுவதில் வடிவ வரிசை. பெற்றோருக்கு விளக்க இரண்டு நிமிடம்தான் கிடைக்கும்; எலும்பு விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

கற்பித்தல் பொருள்களுக்கு நிறைய செலவாகிறதே?

பாரிமுனையில் மொத்தமாக வாங்கினாலும் ஆகும். ஆனால் பாதிப் பொருள் வீட்டிலேயே இருக்கிறது. களிமாவுக்கு அளவு: மைதா 2 கப், பொடி உப்பு 1 கப், எண்ணெய் 2 தேக்கரண்டி, தண்ணீர் முக்கால் கப்பிலிருந்து ஒரு கப்புக்குள். நிறத்துக்கு மஞ்சள்தூள் அல்லது பீட்ரூட் சாறு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் தோசைமாவாகிவிடும். கல் உப்புப் போட்டால் கையில் நறநறக்கும், பிள்ளைகள் தொட மாட்டார்கள். சென்னைக் காற்றின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்வதால் மறுநாள் பிசுபிசுப்பாகும். ஒரு கைப்பிடி மைதா சேர்த்துப் பிசைந்தால் சரியாகிவிடும். மூடிய டப்பாவில் பிரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாள் பயன்படுத்தலாம். வாசனை மாறினால் தூக்கி எறியுங்கள். விரலில் கீறல் உள்ள குழந்தைக்கு உப்பு எரியும், கோதுமை ஒவ்வாதவருக்கு அரிசி மாவில் தனியாகச் செய்ய வேண்டும். தின்னவும் விடக் கூடாது. அவ்வளவு உப்பு உள்ளே போனால் வாந்தி வரும்.

விதைகளில் ஒரு எச்சரிக்கை. எண்ணுவதற்குப் புளியங்கொட்டையும் மஞ்சாடியும் பயன்படுத்துவார்கள். மஞ்சாடி என்று நினைத்து குன்றிமணியைக் கொண்டுவந்துவிடாதீர்கள். முழுச் சிவப்பு மஞ்சாடி. சிவப்பில் கறுப்புப் பொட்டு இருந்தால் குன்றிமணி. அதில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மென்றாலோ, ஊசியால் துளை போட்டிருந்தாலோ ஆபத்து. கைவினை மாலைகளிலும் அது வரும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இருக்கும் அறையில் எந்த விதையும் வேண்டாம். பாட்டில் மூடி அளவுக்கும் சிறியது எதுவும் வாய்க்கும் மூக்குக்கும் போகும்.

டெமோ வகுப்பில் ஏன் சொதப்புகிறது?

பெரும்பாலும் பொருளை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தொடங்குவதால். கையில் பொருள் வந்த பிறகு எந்தக் குழந்தையும் உங்களைப் பார்க்காது. உட்காரவையுங்கள், ஒருமுறை வாய் பேசாமல் செய்து காட்டுங்கள், பிறகு ஒவ்வொருவராக அழைத்துக் கொடுங்கள்.

அடுத்தது நீளம். 15 நிமிடம் கொடுத்தால் 15 நிமிடமும் உட்காரவைப்பார்கள். மூன்று வயதுக்கு ஏழெட்டு நிமிடம் உட்கார்ந்த வேலை. பிறகு எழுந்து கை தட்டவோ குதிக்கவோ ஏதாவது. மூன்றாவது, "இது என்ன கலர்?" என்று ஒரே மாதிரி இருபது கேள்வி. "இது போல உங்க வீட்ல என்ன இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டால் பத்துக் கை உயரும். அந்தப் பதில்கள் வரும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் குறித்துக்கொள்கிறார்.

ஜூன் முதல் வாரம். இருபது குழந்தையும் ஒன்றாக அழுகிறார்கள். என்ன செய்வது?

இருபதையும் ஒரே நாளில் சேர்க்காமல் இருப்பதுதான் பாதித் தீர்வு. நாளுக்கு ஐந்து பேர், முதல் இரண்டு நாள் ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒருவர் கூடவே. மூன்றாம் நாள் அவர் வாசலுக்கு. இரண்டாம் வாரத்தில் முழு நேரம். நிர்வாகம் ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு கதை. ஒத்துக்கொள்ளாவிட்டாலும், குழந்தை பார்க்காத நேரத்தில் அம்மாவை நழுவவிடும் பழக்கத்தை நீங்கள் நிறுத்தலாம். அது மறுநாள் அழுகையை இரட்டிப்பாக்கும். "அம்மா போயிட்டு, நீ சாப்பிட்டதும் வருவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்; சொன்ன நேரத்துக்கு வரவும் வேண்டும். கடிகாரம் தெரியாத குழந்தைக்கு 'பன்னிரண்டு மணி' புரியாது, 'சாப்பிட்டதும்' புரியும்.

எனக்கு ஆங்கிலம் சுமார். வேலை கிடைக்குமா?

பெரிய ஆங்கிலவழிப் பள்ளிகளில் கஷ்டம்தான். சின்னச் சின்ன வாக்கியங்களைத் தப்பில்லாமல் பேசப் பழகுங்கள், அந்த வயதுக்கு அதுவே போதும். ஆனால் இந்த நகரத்தில் மொழி என்பது ஆங்கிலம் மட்டுமல்ல. சௌகார்பேட்டையில் மார்வாரியும் குஜராத்தியும், ராஜீவ் காந்தி சாலைக் குடியிருப்புகளில் இந்தியும் வங்காளமும், வடசென்னையில் தெலுங்கும் உருதும் வீட்டுமொழியாகக் கொண்ட பிள்ளைகள் வருவார்கள். சேர்க்கை நாளன்றே பெற்றோரிடம் ஐந்து சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தண்ணீர், ஒன்னுக்கு, வலி, பசி, அம்மா. "சுஸு" (இந்தியில் ஒன்னுக்கு) என்று மூன்று முறை சொல்லியும் மிஸ்ஸுக்குப் புரியாததால்தான் பாவாடை நனைகிறது.

முதலுதவி, சட்டம் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

மூச்சுக்குழலில் ஏதாவது அடைத்துக்கொண்டால், குழந்தை இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை என்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை முன்பக்கம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்தம், மாற்றி மாற்றி. ஒரு வயதுக்குக் கீழே வயிற்றை அழுத்தக் கூடாது, நெஞ்சில்தான் அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் தேடாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இதைப் படித்தால் மட்டும் வராது. பொம்மையில் கைவைத்துப் பழகுங்கள். டிபனில் வரும் முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, சுண்டல் மூன்றும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று முதல் நாளே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டினால் தரலாம்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால், அல்லது ஆளாகக்கூடும் என்று தோன்றினால், காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்வது பிரிவு 19-இன்படி உங்கள் கடமை. மறைத்தால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. "முதலில் மேனேஜ்மென்ட்டிடம் சொல்லு, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது சட்டத்தில் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம். குழந்தையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள்; அவள் சொன்ன சொல்லை அப்படியே, நேரத்தோடு எழுதி வையுங்கள். மேலே சொன்ன கவனிப்புப் பதிவுப் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும்.

அங்கன்வாடிப் பணியாளர் ஆவது எப்படி?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அங்கன்வாடிகள் அதன் கீழ் வருபவை. தமிழ்நாட்டில் 2025-இல் 7,783 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அதன்படி பணியாளருக்கு ப்ளஸ் டூ தேர்ச்சி, வயது 25 முதல் 35. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, வயது 20 முதல் 40. பெண்களுக்கு மட்டும், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு வயதுத் தளர்வு உண்டு. பணியாளருக்கு முதல் 12 மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், அதன் பின் காலமுறை ஊதியம். உள்ளூரில் வசிக்க வேண்டும் என்பதால், பலர் விழுவது முகவரிச் சான்றில். குடும்ப அட்டையில் பழைய முகவரி இருந்தால் அறிவிப்பு வருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

அங்கே பாடம் மட்டுமல்ல வேலை. எடை, உயரம் எடுப்பது, சத்துமாவு, சமையல் கணக்கு, கர்ப்பிணிகள் பதிவு, போனில் தகவல் ஏற்றுவது எல்லாம் சேர்ந்துதான். இதற்கு நடுவே முன்பருவக் கல்விக்கு நேரம் ஒதுக்குவதே திறமை.

அரசுப் பள்ளி எல்கேஜி, யூகேஜியில் வேலை?

நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் அந்த வகுப்புகள் தொடங்கின. 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். நிரந்தர அரசு வேலை என்று யாராவது இதைச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சிறப்புத் தேவை உள்ள சின்னக் குழந்தைகளோடு வேலை பார்க்க ஆசை.

அது தனிப் பாதை. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் உள்ள பட்டயம் வேண்டும், முடித்ததும் குழுமப் பதிவேட்டில் பதிவு எண் வாங்க வேண்டும். முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் விசாரியுங்கள். காது கேளாத சிறு குழந்தைகளுக்குப் பேச்சு கற்றுக்கொடுக்க விரும்பினால் அடையாறு பால வித்யாலயாவில் அதற்கென்றே ஆசிரியர் பயிற்சி உண்டு.

வீட்டிலேயே சின்னதாக ப்ளே ஸ்கூல் தொடங்கலாமா?

பயிற்சி முடித்த கையோடு வேண்டாம். குறைந்தது இரண்டு ஆண்டு வேறொருவர் பள்ளியில் வேலை பாருங்கள். தொடங்கும்போது இட அளவைப் பாருங்கள்: 2013-இன் தேசிய மழலையர் கொள்கையை ஒட்டிய தர அளவுகள் 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் அறையும் 30 சதுர மீட்டர் வெளியிடமும் கேட்கின்றன. சதுர அடியில் ஏறத்தாழ 375-உம் 325-உம். அடுக்ககத்தின் கார் நிறுத்தும் இடம் வெளியிடம் ஆகாது. மூன்று வயதுக்கு மேல் 20 குழந்தைக்கு ஒரு பெரியவர், கீழே என்றால் 10 குழந்தைக்கு ஒருவர்.

சம்பளம் பேசும்போது என்ன கேட்பது?

மாதத் தொகை பற்றி எல்லோரும் கேட்பார்கள். கேட்க மறப்பது வேறு. மே மாதச் சம்பளம் உண்டா, பத்து மாத ஒப்பந்தமா. பிள்ளைகள் போன பிறகு எத்தனை மணி வரை இருக்க வேண்டும். ஆண்டுவிழா, விஜயதசமிச் சேர்க்கை நாள், சனிக்கிழமைப் பெற்றோர் கூட்டம் எல்லாம் கணக்கில் வருமா. சார்ட், கலர் பேப்பருக்கு யார் காசு. கழிப்பறைக்கு அழைத்துப் போக ஆயா இருக்கிறாரா, நீங்களேவா. கடைசிக் கேள்விக்கு "ரெண்டு கிளாஸுக்கு ஒரு ஆயா" என்று பதில் வந்தால், அந்த ஆயா பக்கத்து வகுப்பில் இருக்கும்போது உங்கள் வகுப்பை யார் பார்ப்பார் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.